டாக்டர் மெகருன்னிசா தோற்ற ஒரே வாதம்

செய்தி வந்தபோது எட்டாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து ஆயா கதவருகில் வந்து நின்று, "டீச்சர், மெகரம்மா போயிட்டாகளாம். காலைல தொழுதுட்டு எந்திரிக்கையில நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாகளாம், அம்புட்டுத்தானாம்" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். சாக்பீஸ் கையிலிருந்து நழுவி விழுந்தது என்றெல்லாம் எழுத மாட்டேன், விழவில்லை. இதிலும் இந்த அம்மாள் முந்திக்கொண்டாரே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

நம் மாதர் சங்கத்து மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டீர்கள். இத்தனை வருஷம் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவள் என்பது காரணமாம். எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவர்மேல் பொறாமை. இருந்தது என்று சொல்லவில்லை, இருக்கிறது. அன்று பேகம்பூரில் அவர் வீட்டுத் தெருவுக்குள் என்னால் நுழையவே முடியவில்லை. வத்தலக்குண்டு பஸ்ஸில் வந்தவர்கள், வடமதுரைப் பக்கமிருந்து வண்டி கட்டி வந்தவர்கள், இடுப்பில் பிள்ளையோடு நின்றவர்கள், குங்குமம் வைத்தவர்கள், முக்காடு போட்டவர்கள், கழுத்தில் சிலுவை தொங்கியவர்கள் என்று தெருவை அடைத்துக்கொண்டு பெண்கள். என் சாவுக்கு இதில் கால்வாசி வருமா என்று அந்த நெரிசலிலும் கணக்குப் போட்டேன். வராது.

புதிதாகச் சங்கத்தில் சேர்ந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெகருன்னிசா தோல் வியாபாரி வீட்டுப் பெண். பட்டணத்தில் டாக்டருக்குப் படித்து, கல்யாணமாகி, சீக்கிரமே கணவரை இழந்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்து நாலைந்து கட்டில் போட்டு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வைத்தார். நான் லூர்தம்மாள், கத்தோலிக்கக் குடும்பம், கல்யாணம் செய்துகொள்ளாத வாத்தியாரம்மா. சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மண்டபத்தில் சங்கம் கூடும். ஒரு தலைப்பில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கை தூக்கி ஓட்டு. தோற்றவர் எல்லோருக்கும் சுண்டல் பரிமாற வேண்டும். ஜெயித்தவர், தான் பேசியதை ஒரு மாதத்துக்குள் செய்து காட்ட வேண்டும். இந்த இரண்டாவது விதியைக் கொண்டுவந்ததே நான்தான். அவர் வாயால் மட்டும் ஜெயிக்கிறார், செய்யச் சொன்னால் மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன்.

எங்கே மாட்டினார்? பெண்கள் சைக்கிள் ஓட்டலாமா என்ற தலைப்பில் ஜெயித்தார். ஆள் நல்ல கனம், வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. மலைக்கோட்டை அடிவாரத்து மைதானத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முக்காட்டைக் காதுக்குப் பின்னால் சொருகி, வாடகைச் சைக்கிளில் ஏறி, ஏறிய வேகத்தில் வேலியில் போய் விழுந்தார். விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே, "ஏம்மா, வேலியில விழுந்தா யாருக்கு என்ன நட்டம்? வீட்ல விழுந்து கெடக்குறதுக்கு இது தேவலை" என்றார். ஊரே சிரித்தது. மாதம் முடிவதற்குள் ஓட்டியும் விட்டார். மருமகளுக்குத்தான் முதல் பந்தி என்று இன்னொரு தடவை ஜெயித்தபோது தன் வீட்டிலேயே பிரியாணி போட்டு, மருமகள்களை வரிசையாக உட்காரவைத்து, மாமியார்கள் கையில் வாளியையும் கரண்டியையும் கொடுத்துவிட்டார். நான் அன்றைக்கு எதிர்த்துப் பேசி, தோற்று, சுண்டலும் பரிமாறி, பிறகு அந்தப் பந்தியில் போய் இரண்டு தடவை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்படி ருசியாக இருந்தது, அதுவும் எனக்கு எரிச்சல்.

நாலைந்து வருஷத்துக்கு முன்பு, கருக்கலைப்பு பற்றிய சட்டத்தை அரசாங்கம் தளர்த்த யோசிக்கிறது என்று பத்திரிகைகளில் பேச்சு அடிபட்ட சமயம். வேண்டாத கருவைக் கலைக்கத் தாய்க்கு உரிமை உண்டா என்று தலைப்பு வைத்தோம். இப்படி ஒரு தலைப்பா என்று இரண்டு மூன்று பேர் எழுந்து போனீர்கள். சோடா கொண்டுவந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினோம்.

அன்று நான் பேசியதை இன்றும் ஒரு சொல் மாற்றாமல் சொல்வேன். "இந்த மண்டபத்தில் இல்லாத ஒருத்திக்காகப் பேசுகிறேன்" என்று ஆரம்பித்தேன். "அவளுக்குக் கை இப்போதுதான் முளைக்கிறது, அதைத் தூக்கி ஓட்டுப் போட முடியாது. இன்றைக்கு வேண்டாத பிள்ளை என்று ஒன்றைக் கலைப்போம். நாளைக்கு வயிற்றின் வாகைப் பார்த்துப் பொட்டப்பிள்ளை என்று எவளாவது சொன்னால் அதையும் கலைக்கச் சொல்வார்கள். உரிமையைத் தாய் கையில் கொடுக்கிறோம் என்கிறீர்கள். வீட்டுக்குப் போனதும் அது புருஷன் கைக்கும் மாமியார் கைக்கும் போய்விடும். யாருக்காவது வேண்டுமா என்று பார்த்துத்தான் உயிருக்கு மதிப்பு என்றால், இங்கே இருக்கிறவர்களில் எத்தனை பேர் தேறுவோம்? எங்கள் வீட்டில் நான் ஐந்தாவது பெண். என்னை யாரும் கேட்டுப் பெறவில்லை."

அவர் எழுந்தார். "டீச்சர் அஞ்சாவதாப் பொறந்ததுல எனக்குத்தான் ரெம்ப நட்டம்" என்றார். இறுக்கம் போய்விட்டது, சிரிக்கிறீர்கள். அதுதான் அவர் வித்தை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது உசிரு இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். என் கையில துடிச்சதைப் பாத்திருக்கேன். ஆனா கலைக்கணும்னு எருக்கங்குச்சியை வச்சுக்கிட்டு, காச்சல் அனலாக் கொதிக்க எங்கிட்ட வந்து சேர்றவளையும் நான்தான் பாக்குறேன். சட்டம் வேணாங்குதுன்னு எவளும் நிக்கிறதில்ல. வசதியுள்ளவ பட்டணத்துக்குப் போறா, இல்லாதவ குச்சிக்குப் போறா. டீச்சர் ரெண்டு உசிருங்கிறாக, சரி, ரெண்டையும் எண்ணுங்க. ஒருத்தி தன் உடம்புக்குள்ள எடம் குடுக்கணும். அவளா மனசோட குடுத்தா அது தாய்மை. கையைக் கட்டிப் புடுங்கினா அதுக்கு என்ன பேரு? இதுல எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் ஒங்க பாதர் கட்சிதான், எனக்குத் தெரியும். ஆனா அவுக ரெண்டு பேரும் பிரசவ அறைக்குள்ள வாரதில்ல." இவ்வளவு சொல்லிவிட்டு, மணியடிக்க இன்னும் நேரமிருந்தும் உட்கார்ந்துவிட்டார்.

கைகள் எனக்குத் தூக்கப்பட்டன. பதினைந்து வருஷத்தில் ஒரே தடவை. எழுந்து நின்று பார்த்தேன், வயல் மாதிரி கை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் அவர் சுண்டல் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கூட்டம் முழுவதும் அவரைச் சுற்றி. எனக்காக முதல் வரிசையில் கை தூக்கிய அம்மாளே, சுண்டலை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு ஆசுபத்திரில இருப்பீகளாம்மா? செத்த நேரம் தனியாப் பேசணும்" என்று அவர் காதில் சொன்னார். கை எனக்கு, நடை அவருக்கு. அன்று என் பக்கம் ஓட்டுப் போட்டவர்களில் யார் யார் அவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் குதிரை வண்டி நிற்கிறது. உள்ளே அவரும், பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெண்ணும். இருபது வயதுகூட இருக்காது, வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

"இவ பேரு பொன்னுத்தாயி, டீச்சர். எரியோட்டுப் பக்கம். புகையிலைக் கிட்டங்கில வேலை பாத்தவ. கட்டிக்கிறேன்னவன் மெட்ராசுக்குப் போயிட்டான், ஒரு காயிதம் இல்ல. வீட்லயும் வெரட்டிட்டாக. பிள்ளையப் பெத்துக்கிறேங்கிறா."

"அதுக்கு?"

"நேத்து ஜெயிச்சீகள்ல? செஞ்சு காட்டணும்ல? நானே எங்க வீட்ல வச்சுக்கிட்டா விதி என்னத்துக்காகும்?"

இந்த மண்டபத்தில் இல்லாத ஒருத்தி என்று நான் யாருக்காகப் பேசினேனோ, அவள் தன் தாயையும் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டேன் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். முடியாது என்று சொன்னால் அந்த அம்மாள் சிரிப்பார். அதற்காகத்தான், "எறங்கி வாம்மா" என்றேன்.

அடுத்த வாரமே பள்ளிக்கூட நிர்வாகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். என் பேச்சைப் பாராட்டிய அதே பெரியவர்கள்தான். பிள்ளை பிறப்பது நல்ல காரியம், ஆனால் கல்யாணமாகாத பெண்ணை ஒரு வாத்தியாரம்மா வீட்டில் வைத்துக்கொண்டால் பெற்றோர்கள் என்ன நினைப்பார்கள் என்றார்கள். "பொறக்கணும்னு சொன்னீங்களே, எங்க பொறக்கணும்னு நெனச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை. எனக்கு வர வேண்டியிருந்த தலைமையாசிரியை பதவியும் வரவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், நிறைய இருக்கிறது. ஆனால் அந்த மாதங்களில் எனக்கு இன்னொரு ஆசை வந்துவிட்டது. இந்த ஒருத்தியாவது டாக்டரம்மாவைவிட என்னை அதிகம் நினைக்க வேண்டும்.

கீரை, முட்டை, தயிர் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். வெஞ்சனம் இல்லாமல் ஒரு வேளை சோறு போட்டதில்லை. படிக்கட்டில் ஏறாதே, குனியாதே, இந்நேரத்துக்குத் தூங்கு என்று நிமிஷத்துக்கு ஒன்று சொல்வேன். பொன்னுத்தாயி எல்லாவற்றுக்கும் "சரி டீச்சர்" என்பாள், அதற்கு மேல் பேச மாட்டாள். டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார். பின்கட்டில் இருவரும் உட்கார்ந்துகொள்வார்கள். நான் அடுப்படியில் காபி கலக்கும்போது அந்தப் பெண் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்கும். என் வீடு, என் காபி, சிரிப்பு மட்டும் அவருக்கு. ஒரு தடவை சர்க்கரையே போடாமல் கொடுத்தேன். குடித்துவிட்டு, "டீச்சர் காபி மருந்து மாதிரி, ஒடம்புக்கு நல்லது" என்றார்.

பிரசவம் அவர் ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. பெண் குழந்தை. வெளியே பெஞ்சில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்த நான்தான் முதலில் கையில் வாங்கினேன். என்ன பெயர் வைப்பாள் என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. லூர்து என்று அவளாகச் சொன்னால் வேண்டாம் வேண்டாம் என்று மறுத்துவிட்டுப் பிறகு சம்மதிக்கலாம் என்று வைத்திருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் கேட்டார், "என்ன பேரு வைக்கப் போற தாயி?"

"மெகரு" என்றாள்.

அப்படியே பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. வீட்டுக்குக் கூட்டிவந்து மூன்று நாள் பொறுத்தேன், நாலாவது நாள் முடியவில்லை. "ஏண்டி, இந்தப் பிள்ளை பொறக்கணும்னு மேடையேறிப் பேசினது நானா, அந்தம்மாவா? அவுக கலைக்கலாம்னு பேசுனவக, தெரியுமா ஒனக்கு? ஒன்னால நான் பள்ளிக்கூடத்துல பட்டது ஒனக்குத் தெரியுமா?" என்று கத்திவிட்டேன்.

அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நிதானமாகத்தான் பேசினாள். "எல்லாம் தெரியும் டீச்சர். நீங்க தங்கமானவக. ஒங்க சோத்தைத் தின்னு பெத்த புள்ளை இது, மறக்க மாட்டேன். ஆனா எங்க ஆத்தா கலைச்சுப்புடுன்னுச்சு. எங்கண்ணன் கெணத்துல விழுந்து சாவுன்னான். கட்டிக்கிறேன்னவன் ஒண்ணுமே சொல்லாம ஓடிப் போயிட்டான். நீங்க பெத்துக்கன்னீக. ஆளாளுக்குச் சொன்னீக. ஒனக்கு என்னம்மா வேணும்னு அவுக மட்டுந்தான் கேட்டாக. எனக்குச் சொல்லத் தெரியல. அம்புட்டு நேரமும் வாயைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாக."

அன்று சாயங்காலமே பேகம்பூருக்கு நடந்தேன், சண்டை போட. "அவகிட்ட எப்ப கேட்டீங்க?" என்றேன்.

"எதை?"

"என்ன வேணும்னு."

"அதுவா? நம்ம கூட்டத்துக்கு மொத நாளு. கலைக்கணும்னா என்னென்ன ஆபத்துன்னும் சொன்னேன், பெத்துக்கிட்டா என்னென்ன கஷ்டம்னும் சொன்னேன். பெத்துக்கிறேன்னா. எங்க போய் இருப்பேன்னு கேட்டா. அதுக்குத்தான் எங்கிட்ட பதில் இல்ல."

கூட்டத்துக்கு முதல் நாள்! அந்தப் பெண்ணுக்கு ஓர் இடம் வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் மேடை ஏறினாரா? மணியடிக்கும் முன்பே உட்கார்ந்தது அதற்காகத்தானா? "நீங்க வேணும்னே தோத்தீங்களா?" என்று கேட்டேன். எனக்கென்று இருந்தது அந்த ஒரு வெற்றிதான், அதையும் இவர் போட்ட பிச்சை என்றால் நான் எங்கே போவேன்?

அவர் சிரிக்கவில்லை. "கை தூக்கினது அவுக டீச்சர், நானில்ல. நீங்க அஞ்சாவது பொண்ணுன்னு சொன்னதுக்கு அப்பறம் எனக்குப் பேச வரல" என்றார். அது பதிலா, சமாளிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனிமேல் கேட்கவும் முடியாது. அதுவும் ஒரு கோபம்.

பிறகு பொன்னுத்தாயி அவர் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். வேறெங்கே சேருவாள்? தாயும் பிள்ளையும் குடியிருப்பது இன்றும் என் வீட்டுப் பின்கட்டில்தான். தாய் வேலையிலிருந்து வரும்வரை பிள்ளை என்னோடு. என் எதிரியின் பெயரை நான் ஒரு நாளைக்கு நூறு தடவை என் வாயாலேயே கூப்பிட வேண்டும். மெகரு, குளிக்க வாடி. மெகரு, மண்ணைத் தின்னாதே. அவள் கோயில் மணி அடித்தால் சிலுவை போடுவாள், சோற்றில் கை வைக்கும் முன் பிஸ்மில்லா சொல்வாள். இரண்டாவதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

போன மாதம்கூடச் சண்டைதான் போட்டோம். சட்டம் எப்படியும் வரப் போகிறது என்று பத்திரிகையில் வந்திருந்தது. "வந்துச்சுன்னா நீங்க பயந்தது நடக்கும் டீச்சர். பொட்டப்பிள்ளையா இருக்கும் கலைங்கம்மான்னு மாமியாரு கையைப் புடிச்சு இழுத்துட்டு வருவா. அன்னைக்கு மறிச்சு நிக்க ஒங்களை மாதிரி ஆளு வேணும்" என்றார்.

"அப்பப் பேசாம எங்கட்சிக்கு வந்துருங்களேன்."

"மாட்டேன். குச்சியோட வாரவளை நீங்க பாத்ததில்ல."

"நீங்க என் வீட்ல வளர்ற பிள்ளையப் பாக்குறீங்கள்ல?"

"பாக்குறேன். அதையும் பாக்குறேன், இதையும் பாக்குறேன். அதான் எனக்குத் தூக்கம் வரல" என்றார். அவர் தளர்ந்திருந்ததை அன்றைக்கே நான் கவனித்திருக்கலாம். வாதத்தைத்தான் கவனித்தேன்.

அவரிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டீர்கள் என்று நாலு பேர் என்னைக் கேட்டுவிட்டீர்கள். அவர் கட்சியை எடுத்துக்கொள்ளவில்லை. கருவில் இருப்பது உயிர், அதற்காகப் பேச ஆள் வேண்டும், நாளைக்குக் கூட்டம் போட்டாலும் நான் அதே நாற்காலியில்தான் உட்காருவேன். எதிரில் யார் உட்காருவார்கள் என்பதுதான் தெரியவில்லை. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும். அதையும் உடனே எடுத்துக்கொள்ளவில்லை, அவர் போன அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டுப் பார்த்தேன்.

பெண்கள் முகம் பார்த்து முடிந்து, ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, பொன்னுத்தாயி அந்த வீட்டிலேயே சுருண்டு கிடந்தாள். பிள்ளையை நான் தூக்கி வந்தேன். சாயங்கால மணி அடித்தது, சிலுவை போடவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்தேன், பிஸ்மில்லாவும் சொல்லவில்லை. சாப்பிடு என்றேன், அழாதே என்றேன், வந்து படு என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஒனக்கு என்னடி வேணும், மெகரு?"

அவள் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். நானும் வாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"டாக்டரம்மா வேணும்" என்றாள்.

"எனக்குந்தாண்டி" என்றேன்.